போக மூன்று மணி நேரம், வர இருபத்தாறரை

அந்தச் சலூன்காரருக்கு நிலைக்கண்ணாடி என்று பட்டப்பெயர் வைத்தவர் பக்கத்துக் கடைத் தையல்காரர். கடையில் ஆளுயரக் கண்ணாடி இருப்பதால் வந்த பெயர் என்று புதிதாக வருபவர்கள் நினைத்துக்கொள்வார்கள். விஷயம் அதுவல்ல. மனிதர் உட்கார மாட்டார், அவ்வளவுதான்.

முடி வெட்டுவது நின்றுகொண்டு. சரி, அது தொழில். ஆனால் தேநீர் குடிப்பதும் பேப்பர் படிப்பதும் நின்றுகொண்டுதான். ஆள் வராத மதிய வேளையிலும் காலியாகக் கிடக்கும் இரண்டு சுழல் நாற்காலிகளுக்கு நடுவே, ஏதோ அவை இரண்டும் வாடிக்கையாளர்கள் என்பதுபோல நின்றுகொண்டிருப்பார். வீட்டில் அடுப்பு மேடை மீது தட்டை வைத்து நின்றபடியே சாப்பிட்டு முடிப்பார்.

"எங்க வீட்டுல நாலு நாற்காலி. ஒண்ணுல நான் உட்காருவேன். மிச்ச மூணுல இவரோட சட்டைங்க உட்கார்ந்திருக்கும்" என்பார் அவருடைய மனைவி. அவருக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வருகிறவர்களுக்கு ஊசி குத்தி ரத்தம் எடுப்பார். ஆண்கள் எதற்கெல்லாம் பயப்படுவார்கள் என்பது அவருக்கு அத்துப்படி.

சலூன்காரரைக் கட்டாயப்படுத்தி உட்காரவைத்தால் ஐந்தாவது நிமிடம் வலது முழங்கால் ஆட ஆரம்பிக்கும். பத்தாவது நிமிடம் எதிரே இருக்கும் மேசையும் சேர்ந்து ஆடும். கால் மணி நேரத்துக்குள் ஏதாவது ஒரு சாக்குச் சொல்லி எழுந்துவிடுவார். இதற்கு மருத்துவர்கள் ஒரு பெயரும் சொல்லவில்லை. பதினெட்டு வயதில் கத்தரிக்கோல் பிடித்தவருக்கு இப்போது நாற்பத்தேழு. கால்களுக்கு வேறு எதுவும் தெரியாது.

அவருக்கு ஒரே தங்கை. பதினோரு வருடத்துக்கு முன் வேலை கிடைத்து உலகத்தின் அந்தக் கோடிக்குப் போனவள். வருடம் தவறாமல் அழைப்பாள். "ஒரு தடவை வந்துட்டுப் போண்ணா." இவரும் வருடம் தவறாமல், "கடைய யாரு பாத்துக்கிறது?" என்பார். கடை ஓடிவிடாது என்பது இருவருக்கும் தெரியும்.

இந்த முறை அவள் வேறு மாதிரி ஆரம்பித்தாள். "அண்ணா, எனக்குக் கல்யாணம்."

நாற்பத்தொரு வயதுத் தங்கை அப்படிச் சொன்னதும் அவர் கையிலிருந்த சீப்பு கீழே விழுந்தது. நாற்காலியில் இருந்தவர் பாதி வெட்டிய தலையோடு குனிந்து அதை எடுத்துக் கொடுத்தார்.

"விழா ஒண்ணும் இல்லண்ணா. பதிவாளர் ஆபீஸ்ல கையெழுத்து, அவ்வளவுதான். என் பக்கத்துலேருந்து ஒரு சாட்சி வேணும். எனக்குன்னு வேற யாரு இருக்கா, நீயே சொல்லு."

சீப்பைத் துடைத்துக்கொண்டே அவர் கேட்டார், "அங்க வர எவ்வளவு நேரம்மா ஆகும்?"

"டிக்கெட்டே எடுத்து அனுப்பிட்டேன், பாரு. காலைல ஒம்பது மணிக்கு ஏறுற. பன்னெண்டு பத்துக்கு இங்க இறங்குற."

"அன்னைக்கேவா?"

"அன்னைக்கேதான்."

மனதுக்குள் கழித்துப் பார்த்தார். மூன்று மணி பத்து நிமிடம். முழங்காலைக் கையால் அழுத்திக்கொண்டு, இரண்டு முறை கழிப்பறைக்குப் போய்வந்தால் ஓட்டிவிடலாம். "வரேன். எழுதி வெச்சுக்கோ" என்றார். மறுமுனையில் தங்கை சிரித்தாள். சிரிப்பு கொஞ்சம் நீளம்தான். சந்தோஷத்தில் சிரிக்கிறாள் என்று எடுத்துக்கொண்டார்.

மனைவிக்கு மட்டும் கணக்கு இடித்தது. "அவ்வளவு தூரம் மூணு மணி நேரத்துலயா? எங்க லேப்ல சர்க்கரை ரிசல்ட் வரவே நாலு மணி நேரம் ஆகுதுங்க."

"ஆகாயத்துல ஏது சிக்னல்? ஒரே மிதி" என்றார் சலூன்காரர், தினமும் விமானம் ஓட்டுகிறவர்போல. மனைவிக்கு விடுப்பு கிடைக்கவில்லை. மூன்று பேர் வேலையை இரண்டு பேர் பார்க்கும் இடம் அது. ஆகவே அவர் தனியாகத்தான் போக வேண்டும்.

மறுநாள் டிக்கெட்டைத் தாளில் எடுத்துக்கொள்ள எதிர் வரிசையில் இருந்த பயண ஏற்பாட்டு நிலையத்துக்குப் போனார். அங்கே இருந்த டிக்கெட்காரப் பெண்ணுக்கு எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி என்பதெல்லாம் கணினியைத் தட்டும் முன்பே வாயில் வந்துவிடும். தாளை வாங்கிப் படித்த சலூன்காரரின் முகம் மாறியது.

"மேடம், இதுல ஒரு அநியாயம் நடந்திருக்கு. போறப்ப ஒம்பதுக்கு ஏறி பன்னெண்டு பத்துக்கு இறங்குறேன். மூணு மணி நேரம். திரும்பி வர்றப்ப மத்தியானம் பன்னெண்டுக்கு ஏறி அடுத்த நாள் ரெண்டரைக்கு இறங்குறேன். இருபத்தாறரை மணி நேரம்! ஊரெல்லாம் சுத்திக் காட்டி கூட்டிட்டு வருவாங்களா?"

அந்தப் பெண் பேனாவின் மூடியைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "அண்ணா, அது அந்தந்த ஊர் கடிகாரம். நீங்க இங்க ஒம்பதுக்கு ஏறுறப்ப அங்க முந்தின நாள் ராத்திரி பத்து. ரெண்டு ஊருக்கும் பதினோரு மணி நேர வித்தியாசம். நீங்க பறக்கப் போறது பதினாலு மணி பத்து நிமிஷம்."

"எத்தனை?"

"பதினாலு மணி பத்து நிமிஷம். வர்றப்ப எதிர்க்காத்து, அதனால பதினஞ்சரை. தூரம் பன்னிரண்டாயிரத்து நூறு கிலோமீட்டர்."

"போறதுக்கா, வர்றதுக்கா?"

"ரெண்டுக்கும் அதே தூரம்தாண்ணா. போறப்ப சின்னதாகி வர்றப்ப பெருசாக பூமி என்ன பலூனா?"

அங்கேயே ஒரு நாற்காலி இருந்தது. வேறு யாராக இருந்தாலும் அந்த அதிர்ச்சியில் உட்கார்ந்திருப்பார்கள். இவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

கடைக்கு வந்ததும் தங்கையை அழைத்தார். "என்னய ஏமாத்திட்ட இல்ல?"

"நான் ஒரு பொய்கூடச் சொல்லலண்ணா. ஒம்பதுக்கு ஏறுவ, பன்னெண்டு பத்துக்கு இறங்குவன்னேன். இறங்கத்தானே போற? மணிக்கணக்கச் சொல்லியிருந்தா நீ கடையக் காரணம் சொல்லியிருப்ப. சாட்சி பேரு குடுத்தாச்சு. எழுதி வெச்சுக்கோன்னு நீதான் சொன்ன, எழுதி வெச்சிட்டேன்."

அவர் போனை வைத்துவிட்டார். ஆனால் அடுத்த பத்து நாளும் கடை திறந்த கையோடு எதிர் வரிசைக்குப் போய் டிக்கெட்காரப் பெண்ணைத் தொந்தரவு செய்தார்.

"மேடம், நடுவுல நிறுத்திப் போற விமானம் இருக்கா?"

"இருக்குண்ணா. மொத்தம் இருபத்திரண்டு மணி நேரம்."

"வேண்டாம், வேண்டாம். காத்து நல்லா தள்ளிவிட்டா நேரம் குறையுமா?"

"இருபது நிமிஷம் குறையலாம்."

அந்த இருபது நிமிடத்தை ஏதோ பரிசு கிடைத்த மாதிரி பத்திரமாக எடுத்துக்கொண்டு கடைக்குத் திரும்புவார். மறுநாள் மறுபடி வருவார், கேள்வியை வேறு மாதிரி மாற்றிக்கொண்டு. "புது ரக விமானம் ஏதாச்சும் வந்திருக்கா?"

"நேத்திலேருந்து இன்னைக்குள்ளயா அண்ணா?"

ஒத்திகை பார்க்கலாம் என்ற யோசனை தையல்காரருடையது. அவர் எட்டு மணி நேரம் தையல் இயந்திரத்தின் முன் அசையாமல் உட்கார்ந்திருக்கும் மனிதர். நிற்பதுதான் அவருக்குக் கஷ்டம். "சலூன் வார லீவு அன்னைக்கு காலைல அஞ்சரைக்கு உன் நாற்காலில உன்ன உட்கார வெக்குறோம். பதினாலு மணி நேரம். தாண்டிட்டா நீ கடலையே தாண்டின மாதிரி" என்றார். மனைவியும் ஒரு நாள் ஓய்வை அதற்காக ஒதுக்கினார். கணவர் பதினாலு மணி நேரம் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும் வாய்ப்பு இன்னொரு முறை வரப்போவதில்லை.

அப்படியே நடந்தது. ஐந்தரைக்குச் சலூன் கதவைப் பாதி மூடி, அவரை உட்காரவைத்து, திரைச்சீலைத் துணியில் தைத்த பட்டையை இடுப்பில் கட்டினார் தையல்காரர். பிறகு காகிதக் குவளையை வாயில் வைத்துக்கொண்டு அறிவித்தார்: "பயணிகளின் கவனத்துக்கு. நாம இப்ப முப்பத்தஞ்சாயிரம் அடி உயரத்துல சலூன்ல இருக்கோம். வெளிய பாக்க ஜன்னல் இல்ல. கண்ணாடியப் பாருங்க."

ஐந்தாவது நிமிடம் முழங்கால் ஆடியது. மனைவி அதன்மேல் ஒரு தலையணையை வைத்தார். தலையணையும் ஆடியது.

ஆனால் அரை மணி நேரம் கழித்து எதிர்பாராத ஒன்று நடந்தது. இருபத்தொன்பது வருடமாக அந்த நாற்காலிக்குப் பின்னால் நின்ற மனிதர், அதில் இவ்வளவு நேரம் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. தலை சாய்க்கும் பகுதியில் ஒரு திருகாணி பிடரியில் குத்தியது.

"இது குத்துதே" என்றார்.

"ஆமா" என்றார் தையல்காரர்.

"ஆமாவா? உனக்குத் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும். முடி வெட்டிக்க வர்றவங்க எல்லாம் கழுத்த ஒரு பக்கமா சாய்ச்சு உட்கார்றாங்களே, பாக்கலயா நீ? அதுக்கு ஏத்த மாதிரிதான் நீயும் சாய்ச்சு வெட்டிட்டிருக்க."

சலூன்காரர் திடுக்கிட்டுப்போனார். இந்தத் தெருவில் பாதிப் பேரின் கிருதா ஒரு பக்கம் ஏறியிருப்பதற்குக் காரணம் அவருக்கு அன்றுதான் புரிந்தது. பட்டையை அவிழ்த்தார், எழுந்தார், இழுப்பறையைத் திறந்து திருப்புளியை எடுத்தார்.

"சார், நடு வானத்துல சீட்ட ரிப்பேர் பண்ணக் கூடாது!" என்று குவளைக்குள் கத்தினார் விமானி.

அவர் காதில் வாங்கவில்லை. திருகாணியைக் கழற்றி, பஞ்சு வைத்து, தோல் உறையை மாற்றி முடித்தபோது மணி ஒன்பதரை. அப்போதுதான் டிக்கெட்காரப் பெண் வேலைக்குப் போகும் வழியில் பாதி திறந்திருந்த கதவு வழியாக எட்டிப் பார்த்தாள். பட்டை, தலையணை, குவளை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு விஷயத்தைக் கேட்டாள்.

மனைவி சொன்னார், "தோத்துட்டாரும்மா. முழுசா ஒரு மணி நேரம்கூட உட்காரல."

"அதுக்கு ஏன் உட்காரணும்? ஏறுறப்பவும் இறங்குறப்பவும் பெல்ட் போட்டுக்கணும். காத்துல ஆடினா உட்காரச் சொல்லுவாங்க. மத்த நேரம் எழுந்து நடக்கலாமே. பின்னாடி நிக்கிறதுக்குக் கொஞ்சம் இடம்கூட இருக்கு."

சலூன்காரர் திருப்புளியைக் கீழே வைத்தார்.

"மேடம், பத்து நாளா வரேனே. இத ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீங்க தூரமும் நேரமும்தானே கேட்டீங்க? நிக்கலாமான்னு கேக்கலயே" என்று அந்தப் பெண் பாவமாகச் சொன்னாள்.

குறித்த நாளில், கத்தரிக்கோலையும் கத்தியையும் சரக்கில் போகும் பெட்டிக்குள் வைத்து அனுப்பிவிட்டு வெறுங்கையோடு விமானம் ஏறினார். மேலே போய் பெல்ட் விளக்கு அணைந்த மறுநொடியே எழுந்து வால் பக்கம் போனார். அங்கே ஒரு திரை இருந்தது. அதில் ஒரு சின்ன விமானம், அதன் கீழே போக வேண்டிய தூரம். பதினோராயிரத்து எண்ணூறு. ரொம்ப நேரம் ஆகிவிட்டது என்று நினைத்துத் திரும்பப் பார்த்தார். பதினோராயிரத்து எழுநூற்றைம்பது. அந்தச் சின்ன விமானம் நகரவே இல்லை. யாரோ அதை ஒட்டி வைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது. நிற்க இடம் கிடைத்தும் நேரம் போகவில்லை என்பதுதான் அவருக்குப் புது அதிர்ச்சி. கடையில் நின்றால் கையில் வேலை இருக்கும், காதில் ஊர்க்கதை இருக்கும். இங்கே இரண்டும் இல்லை.

நாலு மணி நேரம் போன பிறகு விமானம் குலுங்கியது. எல்லோரையும் உட்காரச் சொன்னார்கள். பக்கத்து இருக்கையில் பருமனான ஒருவர், கைப்பிடியில் கை வைத்து, சிம்மாசனத்தில் இருப்பவர்போல உட்கார்ந்திருந்தார். இவருடைய முழங்கால் ஆட, அவருடைய தட்டில் இருந்த குவளையும் ஆடியது.

"முதல் தடவையா?" என்று கேட்டார் அவர், இவருடைய மொழியிலேயே.

"விமானமும் முதல் தடவை. இவ்வளவு நேரம் உட்கார்றதும் முதல் தடவை. நான் சலூன்காரன். நீங்க எப்படி இவ்வளவு நிம்மதியா உட்கார்ந்திருக்கீங்க?"

"நான் பஸ் டிரைவர். உட்கார்றதுக்குத்தான் எனக்குச் சம்பளம்" என்று சிரித்தார் பக்கத்து இருக்கைக்காரர். மகளைப் பார்க்கப் போகிறாராம். "மொத்தம் எத்தனை கிலோமீட்டர்னு தெரியுமா?"

"பன்னிரண்டாயிரத்து நூறு" என்றார் சலூன்காரர் பட்டென்று. அது அவருக்கு இப்போது சொந்த வீட்டு எண் மாதிரி.

டிரைவர் மேலே பார்த்து உதட்டை அசைத்துக் கணக்குப் போட்டார். "என் வண்டி ஒரு நாளைக்கு முந்நூறு ஓடும். அப்ப இது எனக்கு நாப்பது நாள் டியூட்டி. டிராபிக்ல நின்னு, டயர் மாத்தி, திட்டு வாங்கி நாப்பது நாள். அத ஒருத்தன் பதினாலு மணி நேரத்துல முடிச்சுக் கொடுக்கிறான். இன்னும் சீக்கிரம் போன்னு கேக்க எனக்கு வாய் வராதுப்பா."

சலூன்காரருக்கு அந்தக் கணக்கு பிடித்திருந்தது. நாற்பது நாளில் பன்னிரண்டு நாள் ஏற்கெனவே கழிந்திருந்தது. அரை மணிக்கு ஒரு தடவை, "இப்ப எத்தனாவது நாள்?" என்று கேட்டார். "பதினஞ்சு. டீசல் போடணும்" என்பார் டிரைவர். பிறகு அவருடைய ஊர்க்கதை தொடங்கியது. எந்த நிறுத்தத்தில் எந்தப் பயணி, யாருக்கு யாரோடு சண்டை என்று ஒன்று விடாமல் சொன்னார். சலூன்காரர் நடுநடுவே "அப்புறம்?" என்று மட்டும் போட்டார். அதில் அவர் தேர்ந்தவர். இருபத்தெட்டாவது நாளில் டிரைவர் கதையை நிறுத்திப் பக்கத்தில் பார்த்தார். சலூன்காரர் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். முழங்கால் ஆடவில்லை. விமானம் இறங்கத் தொடங்கியபோதுதான் விழித்தார்.

பன்னிரண்டு பத்துக்கு, சொன்ன மாதிரியே, இறங்கிவிட்டார். வெளியே தங்கை நின்றிருந்தாள். போனில் பார்த்த முகம்தான். ஆனால் காதுக்கு மேலே நரைத்திருந்ததை அவள் போனில் எப்படியோ காட்டாமல் வைத்திருந்தாள்.

"மூணு மணி நேரப் பயணம் எப்படி இருந்துச்சுண்ணா?" என்றாள்.

கிண்டலுக்குப் பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் கை முந்திக்கொண்டது. அவள் தலையில் கை வைத்தார். பழக்க தோஷத்தில் விரல் முடியை நிமிர்த்தி அளந்தது. "யாரு வெட்டினது இத? கிழிச்சு வெச்சிருக்கான்" என்றார். அதற்குப் பிறகு இருவருமே அழுதார்கள். விமான நிலையத்தில் அது பெரிய விஷயம் இல்லை. பக்கத்திலேயே இன்னும் நாலு குடும்பம் அழுதுகொண்டிருந்தது.

மாப்பிள்ளை கார் நிறுத்தும் இடத்தில் காத்திருந்தார். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். பெற்றோரிடம் கற்ற தமிழை எண்ணி எண்ணிப் பேசுவார். போனில் பேசியபோதெல்லாம் குல்லாய் போட்டிருந்த ஆள். இவரைக் கண்டதும் மரியாதைக்காக அதைக் கழற்றினார். உள்ளே ஒரு முடி கிடையாது. வெயிலில் பளபளத்தது.

சலூன்காரர் தங்கையைப் பார்த்தார். தங்கை வானத்தைப் பார்த்தாள்.

"மச்சான், நான் முன்னாடியே சொல்லலாம் என்றேன். இவள்தான் நீங்கள் விமானம் ஏறுகிற வரைக்கும் வேண்டாம் என்றாள்" என்றார் மாப்பிள்ளை குற்ற உணர்வோடு.

"தாடி இருக்குல்ல?" என்றார் சலூன்காரர் ஒருவழியாக.

பதிவு நாளன்று காலை, சமையலறை ஜன்னல் அருகே மாப்பிள்ளையை ஒரு முக்காலியில் உட்காரவைத்து, கழுத்தில் துண்டைச் சுற்றி, அந்தத் தாடியைத் திருத்தினார். ஒரு ஆளை விசாரிக்க அவருக்குத் தெரிந்த ஒரே முறை அதுதான். துண்டு கழுத்தில் ஏறியதும் எவரும் உண்மை பேசிவிடுவார்கள். மாப்பிள்ளையும் பேசினார். அவருடைய அம்மா மருத்துவமனையில் கிடந்த ஏழு வாரம், அங்கே கணக்குப் பிரிவில் வேலை பார்த்த இவள் தினமும் மாலை ஐந்து நிமிடம் வந்து அம்மாவோடு தமிழில் பேசிவிட்டுப் போவாளாம். அம்மா போன பிறகும் அந்த ஐந்து நிமிடம் மட்டும் அவருக்கு வேண்டியிருந்ததாம். சலூன்காரர் கத்தியைத் துண்டில் துடைத்துவிட்டு, முன்னைவிட மெதுவாக அடுத்த கன்னத்துக்குப் போனார்.

பதிவாளர் அலுவலகம் சின்னதுதான். ஒரு நீள மேசை, பூச்சாடி, இழுத்தால் கீச்சிடும் நாற்காலிகள். அங்கிருந்த எழுத்தர், சாட்சிக்கும் மணப்பெண்ணுக்கும் என்ன உறவு என்று கேட்டு, படிவத்தில் அந்த ஊர் மொழியில் ஒரு சொல்லை எழுதினார்.

"என்ன எழுதியிருக்காங்க?" என்று தங்கையைக் கேட்டார்.

"உடன்பிறந்தவர்னு."

"அண்ணன்னு இல்லயா?"

"இந்த ஊர்ல அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே சொல்லுதாண்ணா."

"அது எப்படி? நாளைக்கு யாராவது இத எடுத்துப் படிச்சா என்ன நெனைப்பாங்க? உனக்கு நான் தம்பின்னு நெனைச்சிட மாட்டாங்களா? ஆறு வயசு மூத்தவன் நான். கேளு அவங்ககிட்ட."

"அண்ணா, விடேன்."

"கேளும்மா."

தங்கை சங்கடத்தோடு கேட்டாள். எழுத்தர் கண்ணாடியை இறக்கிவிட்டு, பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்து ஒரு சொல்லுக்காக மல்லுக்கு நிற்கும் இந்த ஆளைப் பார்த்தார். பிறகு என்ன தோன்றியதோ, படிவத்தை அவர் பக்கம் திருப்பி, கையெழுத்துக்கு மேலிருந்த காலி இடத்தைச் சுட்டிக்காட்டி, பேனாவை நீட்டினார்.

அந்த ஊர்ப் படிவத்தில், அங்கே வேலை பார்க்கும் யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்தில், அவர் நிறுத்தி நிதானமாக எழுதினார்: அண்ணன். எழுதிவிட்டு, சுழி சரியாக வந்திருக்கிறதா என்று தங்கையிடம் காட்டினார்.

"சரியா இருக்குண்ணா" என்றாள் அவள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பேனாவை வாங்கி, தன் இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.